கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை

(பதுளையில் நடந்த தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நாங்கள் பேசப் போவது ஒரு பிள்ளையைப் பற்றி. கடைசியில் அதுவும் பேர் கணக்கில்தான் வந்து நிற்கும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முதலாம் ஆண்டில் ஒரு பையன் வந்தான். இடாப்பில் பேர் கூப்பிட்டால் பதில் வராது. எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பான். சொல் கேளாத பிள்ளை என்று கடைசி வாங்கில் இருத்தினோம். இருத்தியது வேறு யாருமல்ல, ஆசிரியர்களாகிய நாங்கள்தான்.

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். "காது நல்லாத்தான் கேக்குது டீச்சர். பெக்டரி சங்கு ஊதினா திரும்புறான். திருவிழாவுல தப்பு அடிச்சா ஓடியாறான்" என்றார். லயத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒரு வருடம் போய்விட்டது. பிறகு ஆஸ்பத்திரியில் சோதித்தபோதுதான் தெரிந்தது: சங்கும் தப்பும் கேட்கிற அந்தக் காதுக்கு மனிதர் பேசுவது கேட்கவில்லை. சொல் கேளாதவன் என்றோம். சொல் அவனுக்குக் கேட்கவே இல்லை.

அம்மாமாரே, எல்லாப் பிள்ளைக்கும் காதுதான் குறை என்று சொல்ல வரவில்லை. ஒரு பிள்ளைக்குக் கண், ஒரு பிள்ளைக்கு நடை. இன்னொரு பிள்ளைக்குப் பேச்சு வரப் பிந்துகிறது. கூப்பிட்டாலும் முகம் பார்ப்பதில்லை. "அவங்க அப்பாவும் பிந்தித்தான் பேசினாரு" என்று ஆத்தா சொல்வார். கோடாங்கியிடம் திருநீறு போடுவோம், கதிர்காமத்துக்கு நேர்த்தி வைப்போம். நேர்த்தி வையுங்கள், நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் கிளினிக்குக்கும் போங்கள். நேர்த்தி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எங்கே தொடங்குவது? பிள்ளை பிறந்தபோது தந்த கிளினிக் கொப்பி உங்கள் பெட்டியில் இருக்கிறது. அதில் நிறைக் கோடு மட்டுமில்லை. எந்த வயதில் பிள்ளை என்ன செய்யும் என்பதும் இருக்கிறது. பிந்தினால் மிட்வைஃப் அம்மாவிடம் காட்டுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார். அங்கிருந்து பெரியாஸ்பத்திரி பிள்ளை வைத்தியரிடம் போகக் கடிதம் கேளுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக் காம்பராவில் பார்க்கிற தங்கச்சிமாரும் தாங்கள் கண்டதைத் தாய்க்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது வரும்வரை பொறுக்க வேண்டாம்.

பள்ளிக்கூடம் சேர்க்கும்போது, "இந்தப் பிள்ளையை எங்களால் பார்க்க முடியாது" என்று எங்காவது சொல்லலாம். தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வராதீர்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உடற்குறை, மனக்குறை என்ற காரணத்துக்காக எந்தப் பள்ளிக்கூடமும் பிள்ளையைப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது அது. கட்டாயக் கல்வி 1998இல் 5 வயதிலிருந்து 14 வயது வரை என்று வந்தது. 2016இல் 16 வயது வரை நீட்டினார்கள். அந்தச் சட்டத்தில் லயத்துப் பிள்ளை வேறு, டவுன் பிள்ளை வேறு என்று இல்லை. விசேட தேவையுள்ளவர்களின் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே நாம் கேட்பது தர்மமில்லை.

ஆனால் சட்டம் தானாக மலை ஏறி வராது. வாயால் கேட்டது காற்றோடு போகும். கடிதமாக எழுதுங்கள். வைத்தியர் அறிக்கையின் போட்டோ கொப்பியோடு அதிபருக்கு ஒன்று, வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவருக்கு ஒன்று. திகதி போடுங்கள். உங்கள் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். தமிழில் எழுதுங்கள், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தரத்தான் நாங்கள் இருக்கிறோம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் பாருங்கள். உதவித்தொகைக்கும் கருவிக்கும் அங்கே விண்ணப்பிக்க வேண்டும்.

விசேட கல்வி அலகு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இல்லாமல் இருக்கலாம். அதற்காகப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டியதில்லை. முன் வாங்கு, பெரிய எழுத்து, சின்னச் சின்ன வேலை, முகத்தைப் பார்த்துப் பேசும் ஆசிரியர். இவற்றை நாளைக்கே கேட்கலாம். அரசாங்கப் பரீட்சை வரும்போது மேலதிக நேரத்துக்கும் பெரிய எழுத்து வினாத்தாளுக்கும் விண்ணப்பிக்கலாம். அப்போதும் இந்தக் காகிதங்கள்தான் கை கொடுக்கும்.

இனி பேர் கணக்குக்கு வருகிறோம். அந்தப் பையனின் அம்மா கிளினிக்குக்கும் காது சோதனைக்கும் கருவிக்கும் என்று ஐந்து தரம் பதுளைக்கு வந்தார். ஐந்து நாள் பேர் இல்லை. பஸ் காசு வேறு. ஆறாவது தரம் வரச் சொன்னபோது, "இந்த மாசம் முடியாது டீச்சர்" என்றார். அந்தத் தாய்க்கு அக்கறை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆகவே தலைவர்மாரே, கம்பனியோடு பேசும்போது இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கச் சொல்கிறோம்: கிளினிக் துண்டு காட்டும் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது. அது கிடைக்கும்வரை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பஸ் காசுக்கு ஒரு சின்ன நிதி வைக்கட்டும். சிங்களம் தெரிந்த ஒரு இளைஞரோ யுவதியோ தாயோடு கூடப் போகட்டும்.

அந்தப் பையன் இப்போது இரண்டாம் ஆண்டு. காதில் கருவி, முன் வாங்கு. படிப்பில் இன்னும் பின்னால்தான் நிற்கிறான். போன ஒரு வருடத்தை நாங்கள் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் காலையில் இடாப்புக் கூப்பிடும்போது, அவன் பேர் வந்ததும் கை தூக்குகிறான்.

உங்கள் லயத்திலும் ஒரு பிள்ளை இருக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பிள்ளையின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள்.