தொய்வுக்கும் ஒரு கணக்கு உண்டு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க சார்" என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாய்லர் எரெக்‌ஷன். அதிலும் இன்று ஒரே ஒரு கயிற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1960களில் செக்கோஸ்லோவாகிய ஒத்துழைப்போடு பெல் ஆலை வந்ததிலிருந்து, திருவெறும்பூர்க்காரர்களுக்குப் பாய்லர் என்பது வீட்டுப் பேச்சு. ஆனால் இங்கே நம் கண்ணில் படுவது டிரெய்லரில் போகும் துண்டுகள்தான். முழு உருவம் எடுப்பது வேறு ஊரில். மின்நிலையத்துப் பெரிய பாய்லர் தரையில் உட்காராது. உச்சியில் இருக்கும் இரும்பு உத்திரங்களிலிருந்து தொங்கும். சூடேறும்போது கீழ்நோக்கி நீள இடம் வேண்டுமே! ஆகவே முதலில் எழுப்புவது சட்டகம். ஸ்ரீரங்கத்தில் 1987-ல் கட்டி முடித்த ராஜகோபுரம் 236 அடி. 500 மெகாவாட் பாய்லரின் சட்டகம் அந்த உயரத்தைத் தொடும், தாண்டியும் போகும். அங்கே ஓரடி அகல உத்திரத்தின் மேல் ஆள் நடந்து போய் போல்ட் முடுக்க வேண்டும். கைப்பிடிக் கம்பி பின்னால்தான் வரும். அதுவரை ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் படுக்கை வாட்டில் கட்டும் ஒயர் ரோப்தான் துணை. அதற்குப் பெயர் லைஃப்லைன். ஹார்னஸின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள்.

இதைக் கட்டும் ரிக்கர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இழுத்து விடுவார்கள். தொங்கினால் சோம்பேறி வேலை என்று சூப்பர்வைசர் திட்டுவார். பிடித்துக்கொண்டு நடக்கவும் விறைப்புதான் தெம்பு. பார்வைக்கு அழகு, கணக்குக்கு ஆகாது.

முதலாண்டு மெக்கானிக்ஸில் படித்தீர்களே, நடுவில் எடை தொங்கும் கயிறு, அதேதான். விழுகிறவரின் இழுப்பை இடைவெளியால் பெருக்கி, தொய்வின் நான்கு மடங்கால் வகுத்தால் கயிற்றின் இழுவிசை வரும். விழுகிற ஆளின் மேல் 6 கிலோநியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் 600 கிலோவுக்கு மேல், விசை போகாதபடி லேன்யார்டில் இருக்கும் ஷாக் அப்சார்பர் பார்த்துக்கொள்ளும். தூண்களுக்கு இடையே 10 மீட்டர். விழும் கணத்தில் கயிறு 1 மீட்டர் தொய்ந்தால் இழுவிசை 1,500 கிலோ. அரை மீட்டர் தொய்ந்தால் 3,000 கிலோ. கால் மீட்டர்தான் என்றால் 6,000 கிலோ! ஒரே ஆள், அதே எடை. விறைப்பாக இருந்தாலும் ரோப் கொஞ்சம் நீண்டு கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் முன்கூட்டியே டர்ன்பக்கிளில் ஏற்றி வைத்த இழுப்பு எங்கும் போய்விடாது. அடி விழும்போது அதுவும் சேர்ந்துகொள்ளும்.

சரி, தொங்கலாக விட்டுவிடலாமா என்றால் அதுவும் கூடாது. கயிறு எவ்வளவு தொய்கிறதோ அவ்வளவும் ஆள் கூடுதலாக விழுகிற தூரம். ஆகவே இடைவெளிக்கு ஏற்றபடி தயாரிப்பாளர் ஓர் இழுப்பு சொல்லியிருப்பார். டென்ஷன் இண்டிகேட்டரைப் பார்த்து அந்த அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். "இன்னும் ரெண்டு சுத்து" என்ற பேச்சே வேண்டாம். டர்ன்பக்கிள் திரும்பிக்கொள்ளாமல் பூட்டவும் வேண்டும்.

கயிறு அறுந்து நான் பார்த்ததில்லை. போவது அதன் முனைதான். ஒரு தளத்தில் (பெயர் வேண்டாம்) உத்திரத்தின் மேல் 50 மில்லிமீட்டர் ஆங்கிளை ஒரு மீட்டர் உயரத்துக்கு வெல்டிங் வைத்து, அதன் தலையில் ரோப்பைக் கட்டியிருந்தார்கள். 100 கிலோ மணல் மூட்டையை மாட்டித் தள்ளச் சொன்னேன். ஆங்கிள் வாழைத்தண்டு மாதிரி மடிந்தது. மடியாமல் என்ன செய்யும்? ஒரு மீட்டர் உயரத்தில் 3,000 கிலோ இழுத்தால் வரும் வளைவில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது தாங்காது. அன்றே மெயின் தூணைச் சுற்றிக் கட்டச் சொன்னேன். முழு அமைப்பும் தகுதியுள்ள ஒருவரின் வடிவமைப்பாக, இரண்டு மடங்கு பாதுகாப்போடு இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. அந்த ஒருவர் நீங்களாக இருக்கப் போகிறீர்கள், தம்பிகளே. போஸ்ட்டுக்கும் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது கிளாம்ப். திம்பிளைச் சுற்றி ரோப்பை மடித்தால் ஒரு பக்கம் சுமை தாங்கும் நீளக்கால், மறுபக்கம் சும்மா இருக்கும் குட்டைக்கால். கிளாம்பின் அகலமான அடிப்பாகம் நீளக்காலின் மேல் உட்கார வேண்டும். யு போல்ட் குட்டைக்காலைத்தான் கடிக்க வேண்டும். மாற்றிப் போட்டால், உயிரைத் தாங்கும் கம்பியை நாமே நசுக்குகிறோம். ஒன்று இப்படி ஒன்று அப்படி என்று போடுவதும் தவறு. 12 மில்லிமீட்டர் ரோப்புக்குக் குறைந்தது மூன்று, நான்கு போட்டால் இன்னும் நல்லது. இடைவெளி ரோப்பின் விட்டத்தைப் போல ஆறு மடங்கு. இழுப்புக் கொடுத்ததும் ரோப் சற்று மெலியும், நட்டுகள் தளரும். மறுபடி முடுக்காமல் இறங்காதீர்கள்.

இனி, இதே கயிற்றைத் துவாக்குடிப் பக்கத்து ஷெட் கூரைகளில் கட்டுவதைப் பற்றி. லேன்யார்டு 1.8 மீட்டர், அப்சார்பர் விரிவது 1.75 வரை, கொக்கியிலிருந்து பாதம் வரை 1.5, தொய்வு 0.5, கைவசம் 1 மீட்டர். கூட்டினால் 6.55. கயிற்றுக்குக் கீழே இவ்வளவு வெற்றிடம் இருந்தால்தான் ஆள் தரையைத் தொடமாட்டார். ஷெட் கூரையே 6 மீட்டர். கீழே லேத் மெஷின் வேறு! 80 மீட்டர் உயரத்தில் காப்பாற்றுகிற கயிறு அங்கே காப்பாற்றாது. அங்கே வேண்டியது, ஓரத்துக்கே போக முடியாதபடி பிடித்து வைக்கும் குட்டை லேன்யார்டு. ஆனால் சிமெண்ட் ஷீட் காலடியிலேயே உடையும். அதற்குக் குட்டை லேன்யார்டும் போதாது. நடைபலகையும் கீழே வலையும் வேண்டும்.

ஆளைக் கயிறு பிடித்துவிட்டது என்றால் வேலை முடியவில்லை. ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரும். யார், எதை வைத்து இறக்குவது என்று காலையிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். ஃபயர் சர்வீஸ் வரட்டும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

ஒருமுறை ஆளைப் பிடித்த ரோப்பை, லேன்யார்டை அன்றே கழற்றுங்கள். கழற்றினால் மட்டும் போதாது, துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாக ஸ்கிராப்பில் போட்டால், அடுத்த வாரம் அது வேறொரு ஷெட்டின் கூரையில் கட்டியிருக்கும்.