புளியந்தோப்புக்குப் போகும் முன்

(மர்பி டவுனில் நடந்த குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)

 

தேவனஹள்ளி தாலூகாவில் நல்லூர் புளியந்தோப்பு இருக்கிறது. 2007-ல் நம் தேசத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். தலைமுறை தலைமுறையாக நிற்கும் விருட்சங்கள். பள்ளி மாணவர்களை அங்கே அழைத்துப் போகலாம் என்றேன். "ஸார், ரெக்கார்டு நோட்டுக்கு வேண்டியதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே கிடைக்கிறதே, வெயிலில் எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தயார் செய்யாமல் அழைத்துப் போனால் அது வெறும் பிக்னிக். ஆகவே தயாரிப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் ஒத்திகை இங்கேயே, பக்கத்துப் பார்க்கில். 40 மீட்டர் கயிற்றில் 10 மீட்டருக்கு ஒரு முடிச்சு. விரித்துப் பிடித்தால் ஒரு சதுரம். அதற்குள் இருக்கும் மரங்களை எண்ண வேண்டும். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் தையற்காரர் டேப்பைச் சுற்றி அளந்து, வந்ததை 3.14-ஆல் வகுத்தால் அடிமரத்தின் விட்டம். சதுரத்தை எங்கே போடுவது? சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்க வேண்டும். இஷ்டப்படி விட்டால் பிள்ளைகள் அழகான மரத்தடியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், கணக்கு பொய்யாகிவிடும்.

இரண்டாவது, உடை. முழுக்கை சட்டை, முழு பேன்ட், அதன் நுனி சாக்ஸுக்குள். 1957-ல் சிவமொக்கா ஜில்லாவில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோயைப் பரப்புவது உண்ணிகளே. அது மலைநாட்டு வியாதி, நல்லூர் சமவெளி. ஆனாலும் பழக்கம் நல்லது. வீடு திரும்பியதும் ஸ்நானம், துணி நேரே வாளிக்குள். தாய்மார்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கட்டுப்பாடு. எதையும் பறிக்கக் கூடாது. உதிர்ந்த புளியங்காயைக்கூட பார்த்துவிட்டு அங்கேயே வைக்க வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம்: கையில் ஒரு கேள்வியோடு போக வேண்டும். புளிக்காய்ச்சல் இல்லாத வீடு நம்மில் உண்டா? ஆனால் புளிய மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 'இந்தியாவின் பேரீச்சை' என்று அரேபியர் வைத்த பெயரே 'டாமரிண்ட்' ஆயிற்று. வந்த மரம் நம்முடையதாகி நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இனியும் இருக்குமா? அதுதான் கேள்வி. பெரிய மரத்தின் அடர்ந்த நிழலில் அதன் கன்றுகளே எளிதில் எழும்புவதில்லை; எழும்பியதை ஆடு மாடு மேயலாம். கிழ மரங்கள் மட்டும் நின்று, கன்றுகள் இல்லையென்றால், அந்தத் தோப்பு வாரிசில்லாத வீடு மாதிரி. ஆகவே பெரிய மரங்களைப் பார்த்து வியந்த பிறகு, ஒரு மீட்டர் சதுரம் போட்டு, குனிந்து, முளைகளை எண்ண வேண்டும்.

பெற்றோர் கேட்டதற்கு இதுவே என் பதில். தோப்பின் சரித்திரம் கம்ப்யூட்டரில் கிடைக்கும். இன்று அந்தச் சதுரத்தில் எத்தனை கன்று என்பது, போய் எண்ணியவனுக்குத்தான் தெரியும். அடுத்த வருஷ மாணவர்கள் அதே இடத்தில் மறுபடி எண்ணினால், தோப்பு வளர்கிறதா தேய்கிறதா என்று தெரிந்துவிடும். நம் குழந்தைகள் எழுதும் எண் நாளைக்கு ஒருவருக்கு உபயோகப்படும்.

பார்க் ஒத்திகைக்குப் பிள்ளைகளோடு பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் வர வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். கயிற்றின் நான்கு முனையைப் பிடிக்க நான்கு பேர் வேண்டுமே!