லாபம் யாருக்கு?

(நாடகப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, நான் வங்கியில் நோட்டு எண்ணுகிறவன், கவிதையும் எழுதுவேன். நாடகத்தில் எனக்கு வாய்த்ததெல்லாம் கோமாளி வேஷந்தான். அதைப் பற்றியே பேசுறேன்.

வடக்கே தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையே நக்கலடிப்பான். நம்ம தஞ்சாவூர்ல? பெரிய கோயிலில் ஆடப்பட்ட சரபேந்திர பூபாலக் குறவஞ்சியில் அவன் சரபோஜிக்குக் கட்டியம் கூறுகிறான். அங்கே சிரிப்புக்கு ஆளாவது சிங்கியைத் தேடி அலையும் சிங்கன். பள்ளு நூல்கள் பண்ணைக்காரனைக் கேலி செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் காலில் கட்டை மாட்டப்படுகிறவன் பள்ளன்தானே?

நானும் யோக்கியனில்லை. முதல் நாடகத்தில் குடிகாரக் கூலியாளாகத் தள்ளாடினேன். ஊர்த்தெருக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்க அப்பாயி சிரிக்கல. "எங்கப்பாரும் ஒருநா தள்ளாடித்தான் வந்தாராம். கள்ளு குடிச்சில்லடா. சாணிப்பால ஊத்தி, சவுக்கால அடிச்சு அனுப்புனாங்களாம்" என்றது. எனக்கு நாக்கு எழவில்லை.

அடுத்த நாடகத்தில் கட்டியக்காரன் கையில் கோலுக்குப் பதிலாக மரக்கால் கொடுத்தோம். நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்காமல் 'லாபம்' என்று தொடங்குவது தெரியும்தானே. பண்ணைக்கு அளக்கும்போது "லாபம், லாபம், லாபம்" என்றே போவான்; ரெண்டு வரவே வராது. கூலிக்கு அளக்கும்போது வெறும் மரக்காலைக் கவிழ்த்து "லாபம்" என்பான்.

"நெல்லு எங்க சாமி?"

"அதான் லாபம்னு சொன்னேன்ல. அது எனக்கு."

அன்றைக்கு முதல் சிரிப்பு சேரிப் பக்கமிருந்து வந்தது. நாற்காலியில் இருந்த ரெண்டு பேர் எழுந்து போனார்கள்.

வெண்மணியைப் பகடி செய்ய முடியுமா என்று ஒரு தோழர் கேட்டார். 1968 டிசம்பர் 25, ஒரே குடிசையில் 44 பேர். அந்தக் குடிசைக்குள் கோமாளிக்கு வேலையில்லை. வாசலோடு நின்றுவிட வேண்டும். ஆனால் கோர்ட்டுக்குள் போகலாம். 1973இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. நிலபுலமும் காரும் உள்ளவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினமாம். இதற்குமேல் நான் என்ன வசனம் எழுத? கட்டியக்காரனுக்குக் கறுப்பு அங்கி மாட்டி, பொம்மைக் காரைக் கயிற்றில் இழுத்துக்கொண்டே அதை நிதானமாகச் சொல்ல விட்டோம்.

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து அப்பாயி எழுந்து கேட்டது: "நடந்து வரலன்னா, காருலயா வந்தானுவ?"

கூட்டம் அப்போதுதான் சிரித்தது. அந்த வசனம் எங்க நோட்டுல இல்ல.