செவிக்குப் பொருந்தும் கருவி



ஒரு பொருளை வாங்குமுன் அதனைச் சோதித்துப் பார்ப்பது நம்மவர் வழக்கம். புடைவையைக் கசக்கிப் பார்ப்போம். அரிசியை உள்ளங்கையிற் கொட்டிப் பார்ப்போம். ஆனால், செவிக்குள் வைத்துக் கேட்கும் இயர்போனை வாங்கும்போது மாத்திரம், பெட்டியின்மேல் அச்சிட்ட சொற்களையே நம்பிவிடுகிறோம். வயர் பொருத்திய இயர்போனின் ஒலி, சௌகரியம், விலைப் பெறுமதி ஆகிய மூன்றையும் மதிப்பிடும் வகையினை இன்று சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

இதனைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. எனது பாடசாலையில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி, பாடம் நடக்கையில் ஆசிரியர் கூறியதைத் திரும்பக் கூறுமாறு அடிக்கடி கேட்கத் தொடங்கினாள். கவனக்குறைவு என எண்ணி நான் அவளைக் கண்டித்தேன். பின்னர் விசாரித்தபோது உண்மை புலனாயிற்று. நாள்தோறும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஒலிப்பதிவுப் பாடங்களைக் கேட்டு வந்திருக்கிறாள். இயர்போன் காதிற் பொருந்தாது தளர்ந்திருந்தமையால், பஸ்ஸின் இரைச்சலை வெல்ல ஒலியை உச்சத்தில் வைத்திருக்கிறாள். இரவில் காது இரைந்துகொண்டேயிருந்ததாம். வைத்தியரின் சொற்படி அப்பழக்கத்தை நிறுத்தியபின், நல்வாய்ப்பாகக் கேள்வித் தெளிவு மீண்டது. ஊக்கத்தோடு படித்த பிள்ளையைக் கண்டித்த என் பிழையை நான் மறக்கவில்லை.

இந்நிகழ்ச்சியிலேயே நமது முதற் பாடம் அடங்கியிருக்கிறது. இயர்போன் செவித்துவாரத்தை நன்றாக அடைத்துப் பொருந்துதல் வேண்டும். இடைவெளி இருப்பின், தாழ்ந்த சுருதியொலிகள் கசிந்து மறைந்துவிடும், வெளியிரைச்சல் உட்புகும், கேட்பவர் ஒலியைக் கூட்டுவார். ஆகவே, ‘இதில் ஒலி மெலிவாயிருக்கிறது’ என்று ஒதுக்குமுன், அதனுடன் வரும் சிறிய, நடுத்தர, பெரிய சிலிக்கன் முனைகளை மாற்றிப் பார்க்க வேண்டும். வலக்காதுக்கு ஓர் அளவும் இடக்காதுக்கு வேறோர் அளவும் வேண்டியிருத்தல் வியப்பன்று.

அடுத்து ஒலியின் தரம். பெட்டியில் ‘20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை’ என்று எழுதியிருக்கும். மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ அதுவே. வயது ஏற ஏற மேலெல்லை குறைந்து வரும். ஆனால் எல்லையைக் கூறுவது, இடையிலுள்ள ஒலிகள் சமநிலையில் ஒலிக்கின்றனவா என்பதைக் கூறுவதாகாது. அதனைச் செவியே தீர்மானிக்க வேண்டும்.

நீங்கள் பல முறை கேட்டுப் பழகிய நாதஸ்வர இசைப்பதிவு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். தவிலின் தொப்பியிற் கழி விழும் கனத்த ஒலியும், வலந்தலையில் விரற்கூடுகள் எழுப்பும் கூரிய ஒலியும் ஒன்றையொன்று விழுங்காது தனித்தனியே கேட்கின்றனவா? நாதஸ்வரம் மேற்தாயியிற் செல்லும்போது காதைக் குத்துகிறதா? பின்னர் செய்தியறிக்கையொன்றைக் கேளுங்கள். ல, ள, ழ ஆகிய ஒலிகளின் வேறுபாடு தெளிவாக விளங்குகிறதா? ‘ஸ’ என்னும் ஒலி சீறுகிறதா? செய்தி வாசிப்பவரின் குரல் இரு செவிக்கும் நடுவே நிற்காது ஒரு பக்கம் சாயுமாயின், அக்கருவியின் இரு பக்கங்களும் சமமாக அமையவில்லை என்று கொள்ளலாம்.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே உரப்பில் வைத்துக் கேட்பது அவசியம். சற்று உரத்து ஒலிப்பதையே சிறந்ததெனக் கொள்வது செவியின் இயல்பு. இந்த மயக்கத்தினால் ஏமாந்தவர் பலர்.

சௌகரியத்தைக் கடையில் ஒரு நிமிடத்தில் அறிய முடியாது. அரைமணி நேரம் அணிந்திருந்தால்தான் அழுத்தமும் நோவும் தெரியும். நடக்கையில் வயர் சட்டையில் உரோஞ்சி ஒலியெழுப்பினால், அதனைக் காதின் மேலாகச் சுற்றி அணிந்து பாருங்கள், பெரும்பாலும் தணியும். முனைகளைக் கழற்றிச் சவர்க்கார நீரிற் கழுவி, ஈரம் உலர்ந்தபின் பொருத்துதல் நலம்.

இனி விலை. சில நூறு ரூபாய் முதல் பல்லாயிரம் ரூபாய் வரை இவை விற்கப்படுகின்றன. 600 ரூபாய்க்கு வாங்கியது மூன்று மாதத்திற் பழுதானால், மாதச் செலவு 200 ரூபாய். 3,000 ரூபாய்க்கு வாங்கியது மூன்று ஆண்டு உழைத்தால், மாதச் செலவு ஏறத்தாழ 83 ரூபாய். எது மலிவு என்பதை நீங்களே கூறலாம். எனினும் விலை கூடியதெல்லாம் உழைக்கும் என்பதற்கில்லை. வயர் அடிக்கடி மடிபடும் செருகிமுனையிலும், இரண்டாகப் பிரியும் இடத்திலுமே பெரும்பாலும் அறுகிறது. அவ்விடங்கள் உறுதியாக உள்ளனவா, வயரைக் கழற்றி மாற்றலாமா, உத்தரவாதம் எத்தனை மாதம் என்பவற்றைக் கேட்டறிந்து, பற்றுச்சீட்டையும் பெற்றுக்கொள்ளுங்கள். புதிய கைத்தொலைபேசிகள் பலவற்றில் 3.5 மில்லிமீற்றர் துளை இல்லை. ஆதலால் செருகி பொருந்துமா என்பதையும் முன்னரே பார்ப்பது புத்தி.

வயரற்ற கருவிகள் பெருகிய இக்காலத்திலும் வயர் உள்ளதற்குத் தனிச் சிறப்பு உண்டு. அதற்கு மின்னேற்ற வேண்டியதில்லை. தேய்ந்துபோகும் மின்கலம் இல்லை. பண்பலை வானொலி வசதியுள்ள கைத்தொலைபேசிகள் பலவற்றில் அவ்வயரே வானலையை ஏற்கும் அன்டெனாவாகவும் பயன்படுகிறது. 1920களில், படிகத்தால் இயங்கிய வானொலிப் பெட்டியின் முன் காதிற் கருவி மாட்டியிருந்து நிகழ்ச்சி கேட்டோரின் வழியையே நாமும் பின்பற்றுகிறோம் எனலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாயின் ஒலியளவு 80 டெசிபலைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகக் குறையும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி. உட்செவியிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. வீதியைக் கடக்கும்போதும் புகையிரதப் பாதையருகே செல்லும்போதும் கருவியைக் கழற்றிவிடுங்கள்.

பெற்றோரே, பிள்ளைக்கு இயர்போன் வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அதை ஒரு முறை உங்கள் செவியிலும் வைத்து, பிள்ளை எவ்வளவு உரத்துக் கேட்கிறதென அறிந்துகொள்ளுங்கள். கருவி பழுதானால் வேறு வாங்கலாம். செவியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.