வேகத்துக்கு ஓர் இடம்



வேகத்தின்மீது மனிதனுக்குள்ள ஆசை மோட்டாரோடு பிறந்ததன்று. நம் கரிசல் சீமையில் கோயில் கொடை வந்தால் மாட்டுவண்டிப் பந்தயமும் உடன் வரும். பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து, ஒத்ததோடு ஒத்ததை ஓடவிடுவார்கள். மோட்டார்ப் பந்தயத்திலும் இதே நியாயந்தான். இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டும், வண்டியில் செய்த மாற்றங்களைக் கொண்டும் வகுப்புகள் பிரிப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே, எந்த மாற்றமும் செய்யாத காரை ஓட்டுவதற்கும் இடம் உண்டு. அப்படிப்பட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரை முதன்முறையாகப் பந்தயத் தடத்துக்குக் கொண்டு சென்றால் என்ன நிகழும், அதிலிருந்து நாம் கற்பது என்ன என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் இயந்திரவியல் கற்பிக்கும் ஆசிரியன். பந்தய வீரன் அல்லன். என் அக்காள் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அவன் வாங்கிய இரண்டு இருக்கைக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்க விரும்பியபோது, "மாமா, நீங்களும் வாருங்கள். வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதை ஒருநாள் கையாலே தொட்டுப் பாருங்கள்" என்று அழைத்தான். கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம் செய்து போனேன்.

நாங்கள் சென்றது கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீடுவே. அதன் நீளம் 2.1 கிலோமீட்டர். 2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தத் தடம், கரிவரதன் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் இலட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த மில்லின் பெயர் கோவில்பட்டிக்காரருக்குப் புதிதன்று. அதன் கிளை ஆலை நம் ஊரிலேயே உண்டு. கரிசல் பருத்தியை நம்பி ஆலைகள் எழுந்தன. ஆலைகள் இயந்திர அறிவை வளர்த்தன. அந்த அறிவின் ஒரு கிளை பந்தயக் காராகவும் தழைத்தது. மாருதி 800 காரின் இயந்திரத்தையே எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைக் கரிவரதன் வடிவமைத்தார். 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, வீட்டுக் கார் இயந்திரம் அது. வெளிநாட்டுப் பந்தயக் கார்களை விலை கொடுத்து வாங்க இயலாத இளைஞர்கள் பலர் அதில் ஏறிப் பழகினார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அவர்களுள் ஒருவர். 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்னும் பெருமையை அவர் பெற்றார். அதைக் காணக் கரிவரதன் இல்லை; 1995ஆம் ஆண்டிலேயே விமான விபத்தில் மறைந்துவிட்டார்.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுக்கு இன்னும் பழைய வரலாறு உண்டு. 1953ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் அமைத்த சோழவரம் விமான ஓடுதளமே அதன் பந்தயக் களமாயிற்று. அன்றாடம் தெருவில் ஓட்டிய காரையே அங்கே கொண்டுவந்து போட்டியிட்டவர்களும் இருந்தார்கள். பின்னர் 1990ஆம் ஆண்டில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தடம் உருவாயிற்று. ஆகவே மாற்றமில்லாத காரோடு தடத்துக்குப் போவது புதுமையன்று. நம் நாட்டில் இந்த விளையாட்டு வேரூன்றிய வழிகளில் அதுவும் ஒன்று.

இனி அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். அது பந்தய நாளன்று, பயிற்சி நாள். வென்றவர் தோற்றவர் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. காலையில் போனவுடன் காரை ஓட்டவிடுவார்கள் என்று எண்ணாதீர்கள். முதலில் காருக்குள் இருந்த தண்ணீர்ப் புட்டி, குடை, சில்லறைக் காசு, தரைவிரிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தோம். கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது ஒரு புட்டி உருண்டு மிதியின் அடியில் சிக்கினால் போதும், விபரீதம் நேர்ந்துவிடும். பிறகு சக்கர மறைகளை உரிய அளவுக்கு முறுக்கிப் பார்த்தோம். நம் ஊர் வண்டிக்காரர்கள் வண்டி பூட்டுமுன் கடையாணியைத் தட்டிப் பார்ப்பார்களே, அதே வழக்கந்தான். எண்ணெய், டயரின் காற்றழுத்தம், பிரேக் கட்டைகளின் தடிமன், இருக்கைப் பட்டி, தலைக்கவசம் ஒவ்வொன்றையும் சோதித்த பின்னரே கொடிகளைப் பற்றிய பாடம் தொடங்கியது.

மஞ்சள் கொடி கண்டால் முன்னே ஆபத்து. யாரையும் முந்தக் கூடாது. நீலக் கொடி கண்டால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. சிவப்புக் கொடி கண்டால் ஓட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. கறுப்புக் கொடி காட்டப்பட்டவர் உடனே தடத்தை விட்டு உள்ளே வந்தாக வேண்டும். வேகத்தை நாடி வந்த இடத்தில் முதல் ஒருமணி நேரமும் நிற்பதற்கான விதிகளையே கற்றுக்கொண்டோம்!

முதல் சுற்றுகளில் பயிற்றுநர் ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். "மெதுவாகப் போங்கள். டயர் சூடேற வேண்டும், உங்கள் கண்ணும் சூடேற வேண்டும்" என்றார். நான்காவது சுற்றில்தான் வேகம் கூட்டச் சொன்னார்.

அப்போதுதான் கரும்பலகைப் பாடம் உயிர் பெற்றது. ஒரு காரைத் தரையோடு பிணைப்பவை நான்கே நான்கு ரப்பர்த் துண்டுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ உங்கள் உள்ளங்கை அளவே. ஓடுவதும், நிற்பதும், திரும்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிப்பால்தான். அந்தப் பிடிப்புக்கு எல்லை உண்டு. கையில் ஒரு ரூபாய் இருந்தால், முக்கால் ரூபாயைப் பிரேக்குக்குச் செலவிட்டவன் முழு ரூபாய்க்குத் திரும்ப முடியாது. ஆதலால் நேர்ச்சாலையிலேயே பிரேக்கை முடித்துக்கொண்டு, பிறகு திருப்பத்தில் நுழைந்து, வெளியேறும்போது மெல்ல மெல்ல விசையைக் கூட்ட வேண்டும். இந்த மூன்றையும் குழப்பாமல் வரிசையாகச் செய்வதே தடத்தில் ஓட்டும் கலையின் அரிச்சுவடி.

திருப்பத்தின் வெளியோரத்திலிருந்து நுழைந்து, நடுவில் உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்துக்கு வரச் சொன்னார் பயிற்றுநர். ஏன்? அப்படிச் சென்றால் வளைவின் ஆரம் பெரிதாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல டயர் விநாடிக்கு விநாடி 8 மீட்டர் என்ற அளவு முடுக்கத்தைத் தாங்குமானால், 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் செல்லலாம். ஆரம் 80 மீட்டரானால் 91 கிலோமீட்டர் வேகத்தில் செல்லலாம். அதற்குமேல் ஒரு சிறிது கூடினாலும் கார் நம் சொல்லைக் கேட்பதில்லை. ஓட்டுபவர் எவ்வளவு துணிச்சல்காரர் என்று இயற்கை விசாரிப்பதில்லை.

பிரேக்கின் செய்தி இன்னும் சுவையானது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 1,200 கிலோ எடையுள்ள கார் ஏறத்தாழ 4,60,000 ஜூல் இயக்க ஆற்றலைத் தாங்கியிருக்கிறது. அதை நிறுத்தும்போது அந்த ஆற்றலின் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. நம் வீட்டுக் குடத்துத் தண்ணீரில் ஒன்றரை லிட்டரை எடுத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த வெப்பம் போதும். சாலையில் எப்போதோ ஒருமுறை அப்படிப் பிடிக்கிறோம். தடத்திலோ ஒரு சுற்றுக்குப் பலமுறை! ஆகவேதான் சாதாரணக் கார் தடத்துக்கு வந்தால் இயந்திரத்துக்கு முன்னே பிரேக் களைத்துப் போகிறது.

பிரேக் குழாய்களில் உள்ள திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகை, புதிதாக இருக்கையில் 230 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறிய பின்னர் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். திரவம் கொதித்தால் குமிழிகள் உண்டாகும். நீர்மத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே மிதி பஞ்சைப்போல் அமுங்கும், கார் நிற்காது. இதற்காகவே புறப்படுமுன் பழைய திரவத்தை மாற்றியிருந்தோம். ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை வேகத்தைக் குறைத்துக் காற்றாலே பிரேக்கை ஆற்றினோம். நிறுத்திய பிறகும் கைப் பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு நிறுத்தினோம். கொதிக்கும் தட்டின்மேல் கட்டையை அழுத்தி வைத்தால் இரண்டுக்கும் கேடு.

மாலையில் ஓர் உண்மை தெளிவாயிற்று. சீறிப் பாய்ந்த சுற்றுகளைவிட, அமைதியாக ஓட்டிய சுற்றுகளே குறைந்த நேரத்தில் முடிந்திருந்தன. டயர் அலறும்போது வேகம் வளர்வதில்லை, வீணாகிறது.

நண்பர்களே, இதையெல்லாம் நான் சொல்வது உங்களைப் பந்தய வீரர்களாக்குவதற்கு மட்டுமன்று. நம் ஊரின் ஓரமாகவே மதுரை–திருநெல்வேலி நாற்கர நெடுஞ்சாலை செல்கிறது. கரிசல் வெளியில் பார்வை முட்டாமல் நீண்டு கிடக்கும் அந்தச் சாலையைக் கண்டால் இளைஞர் மனம் துள்ளுகிறது. என் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்த ஒரு மாணவன் அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளில் நண்பனோடு போட்டியிட்டு மாண்டான். நல்ல அறிவாளி, இயக்க ஆற்றலின் சூத்திரத்தை என்னைவிடத் தெளிவாகப் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பான். அந்த ஆண்டு முழுவதும் அவனுடைய இடத்தில் வேறு எவரும் உட்காரவில்லை. இந்தியா முழுவதும் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் மிகை வேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தவர்கள்.

வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மேற்சொன்ன பிடிப்போடு, மணிக்கு 50 கிலோமீட்டரில் பிரேக் பிடித்த கார் 12 மீட்டரில் நிற்கும். 100 கிலோமீட்டரிலோ 48 மீட்டர் வேண்டும். மிதியில் கால் வைக்கத் தயங்கும் ஒரே விநாடியில் 28 மீட்டர் கடந்துவிடுகிறது. தடத்தில் எல்லா வண்டியும் ஒரே திசையில் செல்கிறது. ஓரத்தில் விரிந்த வெளி இருக்கிறது. கொடி காட்ட ஆள் இருக்கிறார். மருத்துவ வண்டி காத்திருக்கிறது. நெடுஞ்சாலையிலோ ஆட்டுக்கிடையை ஓட்டிக்கொண்டு ஒருவர் குறுக்கே வருகிறார். பருத்தி எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் அந்திக் கருக்கலில் நடந்து வருகிறார்கள். அவர்கள் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுத்தவர்கள் அல்லர்.

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். மட்டையை மைதானத்தில் சுழற்றினால் ஆட்டம். சந்தைக்குள் சுழற்றினால் குற்றம். மட்டை ஒன்றுதான், இடந்தான் வேறு. வேகமும் அப்படியே. அதை அடக்கி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். விதியோடும் ஆசானோடும் கற்றுக்கொள்ளுங்கள். அங்கே ஒருநாள் ஓட்டிப் பார்த்தவனுக்கு, சாலையில் மெதுவாகச் செல்வது இழிவாகத் தோன்றாது. தன் வண்டி எங்கே கைவிடும் என்பதைக் கண்கூடாக அறிந்தவன், மற்றவர் உயிரை அந்த எல்லையில் கொண்டுபோய் நிறுத்த மாட்டான்.