தெருமுனை உணவகமும் உள்ளாட்சி ஜனநாயகமும்: புனே தரும் படிப்பினை



புனே நகரின் ஒரு தெருமுனையில் துரித உணவகம் திறக்கப்படுவது இடதுசாரிக் கட்சி விவாதிக்க வேண்டிய பொருள்தானா என்று சிலர் கேட்கக்கூடும். அந்த அனுமதியை யார் தருகிறார், யாரைக் கேட்டுத் தருகிறார், அதன் சுமையை யார் சுமக்கிறார் என்ற மூன்று கேள்விகளை எழுப்பினால் ஐயம் நீங்கிவிடும். அவை நிலத்தையும் உழைப்பையும் ஜனநாயகத்தையும் தொடும் கேள்விகள்.

2018-ஆம் ஆண்டிலேயே புனேயில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை 36 லட்சத்தைத் தாண்டி, நகரின் மக்கள்தொகை மதிப்பீட்டை விஞ்சிவிட்டது. 2006 டிசம்பரில் சோதனை முறையில் தொடங்கப்பட்ட தனிப் பேருந்துத் தடம் நாட்டிற்கே முன்னோடியாக இருந்தது. பின்னர் அதன் பல பகுதிகள் அகற்றப்பட்டன. பேருந்து இழந்த இடத்தைக் காரும் இருசக்கர வாகனமும் நிரப்பின. இத்தகைய சாலையோரத்தில் வாகன நிறுத்துமிடம் போதாத உணவகம் வரும்போது, வாடிக்கையாளரின் கார் நடைபாதையில் ஏறுகிறது; நடந்து செல்பவர் சாலையில் இறங்குகிறார்.

இதைத் தடுக்கச் சட்டத்தில் வழி உண்டா? 1966-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரப் பிரதேச மற்றும் நகர்த் திட்டச் சட்டப்படி, கட்டடம் எழுப்புவது மட்டுமன்றி, அதன் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் ‘மேம்பாடு’ ஆகும். 44-ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்க வேண்டும். 45-ஆம் பிரிவின்படி திட்ட அதிகார அமைப்பு முடிவெடுக்கும். 60 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும். அனுமதி மறுக்கப்பட்டால் 47-ஆம் பிரிவின்படி விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதியால் பாதிக்கப்படும் தெருவாசிக்கு இப்பிரிவுகளில் முன்னறிவிப்பும் இல்லை, விசாரணையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. உடைமையாளரின் குரலுக்கு மட்டுமே செவிசாய்க்கும் வகையில் சட்டம் அமைந்துள்ளது.

நகர வளர்ச்சித் திட்டம் தயாராகும்போது ஆட்சேபம் தெரிவிக்கலாமே என்று அதிகாரிகள் கூறுவர். புனேயின் 2007–2027 வளர்ச்சித் திட்ட வரைவுக்கு மக்கள் எண்பதாயிரத்திற்கும் மேற்பட்ட ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் அளித்தனர். விளைவு என்ன? 2015-இல் மாநில அரசு அத்திட்டத்தை மாநகராட்சியின் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. 2017-இல் தானே ஒப்புதல் அளித்தது. 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின் உரிய காலத்தில் தேர்தல் நடத்தப்படவில்லை. ஆணையரே நிர்வாகியாகி, மாமன்றத்தின் அதிகாரத்தையும் ஏற்றார். உள்ளாட்சித் தேர்தலை நடத்துமாறு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

அனுமதி பெற்றபின் நடப்பது தனிக் கதை. கட்டடத்தைச் சுற்றித் திறந்தவெளியாக விடவேண்டிய இடத்தைப் புனேயில் ‘சைடு மார்ஜின்’ என்பர். தீயணைப்பு வாகனம் நுழைவதற்கும், காற்றுக்கும், வாகன நிறுத்தத்திற்கும் உரிய அந்த இடத்தில் கூரை போட்டு மேசைகளை அடுக்கும் வழக்கம் நகரெங்கும் பரவியுள்ளது. 2024 மே 19 அதிகாலையில் கல்யாணி நகரில் சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் உயிரிழந்தனர். நாடே கொதித்தபின், மதுக்கூடங்களும் உணவகங்களும் எழுப்பியிருந்த சட்டவிரோதக் கட்டுமானங்களை இடிக்க மாநகராட்சி இயந்திரங்கள் புறப்பட்டன. அக்கட்டுமானங்கள் ஓர் இரவில் முளைத்தவையா? இரண்டு உயிர்கள் போகும்வரை அதிகாரிகளின் கண்ணில் அவை படாதது ஏன்?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. போக்குவரத்து நெரிசல் குறித்த நடுத்தர வர்க்கத்தின் கோபம் நியாயமானது. ஆனால் அக்கோபத்தை உணவகத்தின் சைடு மார்ஜினிலிருந்து எதிரே நிற்கும் வடாபாவ் தள்ளுவண்டியின் மீது திருப்பிவிடுவது ஆளும் வர்க்கங்களுக்கு எளிது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்கவேண்டும் என்கிறது. தள்ளுவண்டிக்கு உடனடிப் பறிமுதல், உணவகத்திற்கு நோட்டீசும் அவகாசமும் என்ற இரட்டை நீதியை எதிர்க்காமல் நடைபாதையைப் பற்றிப் பேசுவது பொருளற்றது.

மலிவான உணவுக்கு எதிரானதல்ல இந்த வாதம். 1995-இல் சிவசேனா–பாஜக அரசு ஒரு ரூபாய்க்கு உணவு என்று கூறி ‘சுண்கா பாக்கர்’ மையங்களுக்குப் பொது இடங்களை வழங்கியது. சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. பல மையங்கள் சாதாரணச் சிற்றுண்டிக் கடைகளாகின. ஏழையின் பெயரால் பெற்ற இடம் தனியார் வருவாயாயிற்று. பாபா ஆதவ் தலைமையிலான சுமைதூக்குவோர் அமைப்பான ஹமால் பஞ்சாயத்து 1974-இல் தொடங்கிய ‘கஷ்டாச்சி பாக்கர்’ வேறொரு பாதையைக் காட்டியது. தொழிலாளர் தாமே நடத்தும் அந்த உணவகம் உழைப்பாளிக்குக் குறைந்த விலையில் வயிறார உணவளித்தது. உணவகம் யாருக்காக, யார் பொறுப்பில் இயங்குகிறது என்பதே வேறுபாடு.

இன்று உணவக வாசலில் காத்திருக்கும் விநியோகத் தொழிலாளியையும் மறக்கலாகாது. வண்டியை நிறுத்த இடமில்லை, அமர நிழலில்லை, கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதியில்லை. நெரிசலுக்குக் காரணம் என்ற பழி மட்டும் அவர்மீது விழுகிறது. அவர் உழைப்பில் வருவாய் ஈட்டும் நிறுவனமும் உணவகமும் அவருக்கான இடத்தைத் தங்கள் செலவில் ஒதுக்குவதை அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் அனுபவமும் இதுவே. சென்னை தியாகராய நகரில் விதிமீறிய வணிகக் கட்டடங்கள் எழுந்தபின், 1998-இல் நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்த வழி திறக்கப்பட்டது. மீறலுக்கு விலை நிர்ணயித்தால், பணம் உள்ளவருக்குச் சட்டம் ஒரு செலவுக் கணக்காகிவிடுகிறது. முதலாளித்துவ இங்கிலாந்திலோ, இத்தகைய விண்ணப்பம் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டு அண்டை வீட்டாரின் கருத்து கேட்கப்படுகிறது. பள்ளிகளுக்கு நடந்து செல்லும் தூரத்தில் புதிய துரித உணவுக் கடைகளை மறுக்குமாறு 2024 டிசம்பரில் அந்நாட்டின் தேசியத் திட்டக் கொள்கை உள்ளாட்சிகளுக்கு வழிகாட்டியது.

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் நகர்த் திட்டமிடலையும் நிலப் பயன்பாட்டு ஒழுங்கையும் உள்ளாட்சிக்கு உரிய பணிகளாக 12-ஆவது அட்டவணையில் வைத்தது. மூன்று லட்சத்திற்கும் அதிக மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டுக் குழுக்களைக் கட்டாயமாக்கியது. அந்த ஏட்டுச் சுரைக்காயைத் தெருவுக்குக் கொண்டுவருவதே கட்சித் தோழர்களின் பணி. உணவகத்திற்கான ஒவ்வொரு பயன்பாட்டு மாற்ற விண்ணப்பமும் அக்கட்டட வாசலில் மராத்தியில் ஒட்டப்பட வேண்டும். வார்டு அளவில் பகிரங்க விசாரணை நடைபெற வேண்டும். அவ்விசாரணையில் குடியிருப்போருடன் தெரு வியாபாரிகளுக்கும் விநியோகத் தொழிலாளருக்கும் இடம் வேண்டும். சைடு மார்ஜின் ஆக்கிரமிப்பு அகற்றப்படாமல் தள்ளுவண்டி மீது கை வைக்கப்படக் கூடாது.

இக்கோரிக்கைகளுடன் வீடு வீடாகச் செல்லும்போது, சாலை நெரிசலால் சலித்த நடுத்தரக் குடும்பமும் பிழைப்புக்குப் போராடும் வியாபாரியும் ஒரே மனுவில் கையெழுத்திட முடியும். அந்த ஒற்றுமையைக் கட்டுவதற்குத் தெருமுனையே சரியான இடம்.