ஒன்பதாவதாக இறங்கியவர்



பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் ஒரு சாதனையாளரின் கதையைக் கையோடு கொண்டுவருவது வழக்கம். நானும் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் அவர் தோற்ற நாளிலிருந்து தொடங்குகிறேன்.

2025 மார்ச் 28, சேப்பாக்கம், ஐபிஎல் ஆட்டம். பெங்களூரு அணி வைத்த இலக்கு 197. சென்னையின் விக்கெட்டுகள் சரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் கூட்டம் எழுந்து நின்று தோனியைத் தேடுகிறது. ஜடேஜா வருகிறார். பிறகு அஸ்வின் வருகிறார். அஸ்வினும் போன பிறகுதான், ஒன்பதாவது ஆளாக, தோனி இறங்குகிறார். 16 பந்தில் 30 ரன், கடைசி ஓவரில் இரண்டு சிக்ஸர். அரங்கம் அதிர்ந்தது. ஆனால் ஆட்டம் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. 50 ரன்னில் தோல்வி. 2008-க்குப் பிறகு பெங்களூரு அணி சேப்பாக்கத்தில் சென்னையை வென்றது அன்றுதான்.

மறுநாள் தமிழ்நாடு இரண்டாகப் பிரிந்தது. “முடிந்தால் முன்னால் இறங்கு, முடியாவிட்டால் வீட்டுக்குப் போ” என்றது ஒரு பக்கம். “தல ஆடுகிறவரை ஆடட்டும், உனக்கென்ன” என்றது மறுபக்கம். பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் விஷயத்தை மறைக்கவில்லை. தோனியின் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் ஓடி ஓடி ஆட முடியாது என்று அந்த வாரமே சொல்லிவிட்டார்.

தோனி செய்ததை உங்களுக்குப் பட்டியல் போட வேண்டியதில்லை. 2007, 2011 உலகக்கோப்பைகளும் சென்னைக்கு வந்த ஐந்து ஐபிஎல் கோப்பைகளும் இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். நான் சொல்ல வந்தது 2023 இறுதிப்போட்டிக்குப் பிறகு நடந்தது. அகமதாபாத்தில் மழையில் தள்ளிப்போன ஆட்டம், மே 30 விடியலுக்கு முன் முடிந்தது. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. தோனிக்கு அப்போது 41 வயது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் சுலபம், ஒன்பது மாதம் உழைத்து இன்னொரு சீசன் ஆடுவதுதான் கஷ்டம், ஆனாலும் அதைச் செய்ய முயல்வேன் என்ற கருத்தில் அன்று மேடையிலேயே பேசினார். அடுத்த சில நாட்களில் மும்பையில் முழங்கால் அறுவைச் சிகிச்சை. அடுத்த ஆண்டு தலைமையை ருதுராஜ் கெய்க்வாடிடம் கொடுத்தார். 2024 சீசன் முழுவதும் அவர் சந்தித்தது 73 பந்து. அடித்தது 161 ரன்.

இதில் ஒன்றை நான் மதிக்கிறேன். கொடி கட்டிப் பறந்த ஆள் தங்குவதற்கு விலை கொடுத்திருக்கிறார். தலைமை போயிற்று, ஆடும் வரிசை இறங்கிற்று, ஐந்து ஆண்டாகச் சர்வதேச ஆட்டம் ஆடாதவர் என்ற விதியில் நான்கு கோடி ரூபாய் சம்பளத்துக்கு ‘அன்கேப்ட்’ வீரராகக் கையெழுத்திட்டார். அலுவலகத்தில் பத்து ஆண்டு மேலாளராக இருந்தவரை எழுத்தர் நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஆனால் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. உங்களிடம் பேச வேண்டியது இதைத்தான். ஏனென்றால் இந்தப் பந்தலில் தோனியாகப் போகிறவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் அவருக்குப் பின்னால் காத்திருக்கப் போகிறவர்கள்.

ஒரு அணியில் கீப்பர் கையுறை ஒரு ஜோடிதான். கோயம்புத்தூர் ஜெகதீசன் 2018-இல் சென்னை அணிக்கு வந்தார், அவரும் கீப்பர். 2022 வரை இருந்தும் ஆடக் கிடைத்தது சொற்பம், அதிலும் கையுறை தோனியிடமே இருந்தது. 2022 நவம்பரில் அணி அவரை விடுவித்தது. அதே மாதம் விஜய் ஹசாரே கோப்பையில் தமிழ்நாட்டுக்காக அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277 ரன் அடித்தார். ஐம்பது ஓவர் கிரிக்கெட்டில் உலக சாதனை, தொடர்ச்சியாக ஐந்தாவது சதம். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கும் முன்னால் தினேஷ் கார்த்திக். 2004-இல் 19 வயதில் இந்திய அணிக்கு வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தோனி வந்தார், கதவு சாத்திக்கொண்டது. கார்த்திக் என்ன செய்தார்? கையுறை இல்லையென்றால் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். 2007 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் இந்தியாவின் அதிகபட்ச ரன் அவருடையது. அந்தத் தொடரிலும் கீப்பர் தோனி. 2010-க்குப் பிறகு அடுத்த டெஸ்டுக்கு 2018 வரை காத்திருந்தார். கடைசியில் ஒரு சில பந்துகளுக்காக மட்டும் இறங்கி ஆட்டத்தை முடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். 2018-இல் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் அடித்த சிக்ஸர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நடுவில் வர்ணனையாளர் ஆனார், ‘முடிந்தது’ என்று எல்லோரும் எழுதினார்கள். திரும்பி வந்து 2022 டி20 உலகக்கோப்பையில் ஆடினார். தோனி ஒரு இடத்தில் நிலைத்து நின்றவர். கார்த்திக் இடம் மாறி மாறி நின்றவர். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கடினம்.

எல்லா விளையாட்டிலும் இந்தச் சிக்கல் இல்லை. விஸ்வநாதன் ஆனந்த் 2013-இல் சென்னையில், சொந்த ஊரில், கார்ல்சனிடம் சதுரங்க உலகப் பட்டத்தை இழந்தார். ‘போதும்’ என்றார்கள். அடுத்த ஆண்டே கேண்டிடேட்ஸ் போட்டியை வென்றார். பிறகு குகேஷ் போன்ற பிள்ளைகளுக்கு வழிகாட்டினார். 2023-இல் தரவரிசையில் குகேஷ் அவரைத் தாண்டினார். ஆனந்த் தங்கியதால் குகேஷுக்கு ஒரு கட்டமும் குறையவில்லை. சதுரங்கத்தில் பலகைகள் நிறைய. கிரிக்கெட்டில் பதினொரு இடம்தான்.

இதற்கு வழி கண்ட ஊர்க்காரர்கள் இந்தப் பழவேற்காட்டு ஏரிக்கரையிலேயே இருக்கிறார்கள். மீனவர்களின் பாடு முறையை அறியாதவர் இங்கே யார்? முகத்துவாரத்தை ஒட்டி இறால் நிறையக் கிடைக்கும் இடங்கள் சில. அங்கே யார் வலை கட்டுவது என்பதைப் பலமோ வயதோ தீர்மானிப்பதில்லை. முறை வைத்துப் பங்கிடுகிறார்கள். இன்று உனக்கு, நாளை இன்னொருவனுக்கு. எவ்வளவு கெட்டிக்கார மீனவரானாலும் தன் முறை முடிந்தால் நல்ல இடத்தை விட்டு நகர வேண்டும். ஆனால் தொழிலை விட வேண்டியதில்லை. பாடு முறையில் பெயர் இல்லாத ஊர்களுக்கு இதில் தீராத மனக்குறை உண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தச் சண்டை ஐபிஎல் ஏலத்தைவிடப் பழையது. ஆனாலும் ‘நீ போ’ என்று சொல்லாமலே ‘நகர்’ என்று சொல்லத் தெரிந்த ஏற்பாடு அது. கோடிகள் புரளும் கிரிக்கெட்டுக்கு அது இன்னும் கைவரவில்லை.

கைவருகிறதோ என்று சந்தேகிக்க ஒரு காரணம் உண்டு. 2025 சீசனில் கெய்க்வாட் காயப்பட, தோனி மறுபடி தலைமை ஏற்றார். அணி வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடம். ஆனால் கெய்க்வாடின் இடத்தில் வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருவுக்கு எதிராக 94 ரன் அடித்தது அவர் தலைமையில்தான். அந்த நவம்பரில் ராஜஸ்தானிடமிருந்து இன்னொரு கீப்பர், சஞ்சு சாம்சன் வந்தார். பதிலுக்குச் சென்னை கொடுத்தவர்களில் ஒருவர் ஜடேஜா. 2023-இல் கடைசிப் பந்தில் பவுண்டரி அடித்தவர் கிளம்பிவிட்டார். அவரைத் தூக்கிக்கொண்டாடிய தோனி 2026-க்கான பட்டியலிலும் இருந்தார். இது நியாயமா? என் பதில், பாதி நியாயம். அவர் ஆடட்டும், கையுறையைச் சாம்சனிடம் கொடுத்துவிட்டு ஆடட்டும்.

வேலைக்குப் போகும் இடத்தில் உங்களுக்கு முன்னால் ஒரு மூத்தவர் இருப்பார். நகரமாட்டார். அவரைத் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு மேல் அது தாங்காது. அவர் கையிலிருக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் தொடாத வேலை ஒன்று அந்த இடத்தில் எப்போதும் கிடக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு கழித்து அந்த மூத்தவர் நீங்களாக இருப்பீர்கள். அன்று உங்கள் பின்னால் நிற்கிற பெண்ணுக்கோ பையனுக்கோ முறை எப்போது என்று ஒரு தேதியைச் சொல்லிவிடுங்கள். ஜெகதீசன் போன்றவர்களுக்கு வேண்டியது அதுதான்.

பெயர்ப் பட்டியல் நீளம், சூலூர்பேட்டை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். முதல்வர் அவர்கள் பட்டங்களை வழங்கலாம்.